பிரேசிலின் சுட்டிறைச்சிச் சாலைகள்

சாவோ பாவுலோ நகரத்திற்குப் புதிதாகச் செல்லும் ஒருவரை அந்நகரத்தார் இரண்டாம் நாளே கேட்கும் கேள்வி, "சுராஸ்கோ சாப்பிட்டாயிற்றா?" என்பதுதான். எழுத்தைப் பார்த்து நாம் சுராஸ்கோ என்கிறோம். அவர்கள் வாயில் அது "ஷுஹாஸ்கு" என்று ஒலிக்கிறது. பெரிய இறைச்சித் துண்டுகளை நீண்ட இரும்புக் கம்பியில் கோத்து, கல்லுப்பு மட்டும் தூவி, கரி நெருப்பில் வாட்டி எடுக்கும் உணவு அது. இதனைத் தமிழில் என்னவென்று சொல்வது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது சற்று யோசனையைத் தந்தது. ஆனால் நம் பழைய இலக்கியத்தில் இதற்குச் சொல் இல்லாமற் போகவில்லை. இறைச்சி கோக்கும் கம்பிக்குக் காழ் என்று பெயர். பொருநராற்றுப்படையில், காழில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊனை உண்ணுமாறு கரிகாற்சோழன் மேலும் மேலும் வற்புறுத்துகிறான். பகலும் இரவும் தின்றதனால் உழுகலப்பையின் கொழுவைப் போலப் பற்கள் மழுங்கிவிட்டதாகப் பொருநன் சொல்கிறான். சாவோ பாவுலோவில் பணம் கொடுக்கும் எவரும் ஒரு வேளைக்கு அந்தப் பொருநனாக அமரலாம். எவ்வளவு பணம், எந்த மாதிரிக் கடையில் என்பதே, நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வுணவின் தாயகம் சாவோ பாவுலோ அன்று. அந்நாட்டின் தென்கோடியில், உருகுவே, ஆர்ஜென்டீனா ஆகிய நாடுகளை ஒட்டி, ரியோ கிராண்டி டோ சுல் என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தென்பகுதி பாம்பா எனப்படும் பரந்த புல்வெளி. 17-ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரிமார்கள் அப்பக்கம் கொண்டுவந்த கால்நடைகள் காலப்போக்கில் கேட்பாரின்றித் திரிந்து பெருகின. அவற்றைப் பிடித்தும் மேய்த்தும் வாழ்ந்த குதிரைக்காரர்களுக்குக் கவூச்சோக்கள் என்று பெயர். அக்காலத்தில் தோலுக்கும் கொழுப்புக்கும் விலை உண்டு. இறைச்சிக்கு விலை மிகக் குறைவு. ஆகவே தரையில் தீ மூட்டி, விலாப்பகுதியை முழுதாக மரக்கழியில் குத்திச் சாய்த்து நிறுத்தி, பல மணி நேரம் வாட்டி உண்டனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெலோட்டாஸ் என்னும் ஊரைச் சுற்றி இறைச்சியை உப்பிட்டு உலர்த்தும் தொழில் ஓங்கிற்று. அந்த உலர்ந்த இறைச்சி வடக்கே தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைத்த அடிமைகளுக்கு உணவாகக் கப்பலேறியது. அதனை உப்பிட்டு உலர்த்திய கைகளும் அடிமைகளின் கைகளே. இன்று மேசையில் வந்து நிற்கும் விருந்தின் பின்னே இப்படியும் ஒரு வரலாறு உண்டு. 2003-இல் அம்மாநிலம் சுராஸ்கோவைத் தன் மாநில உணவாகச் சட்டமே செய்துவிட்டது.

வீட்டுக் கொல்லையிலும் மேய்ச்சல் நிலத்திலும் இருந்த இவ்வுணவு ஓட்டலுக்கு வந்து, இன்றைய உருவத்தை அடைந்தது 1960-களில். நெடுஞ்சாலைகள் போடப்பட்டு, தெற்கிலிருந்து லாரிகள் இரவும் பகலும் ஓடத் தொடங்கிய காலம் அது. சாலையோரத்தில் சுட்டிறைச்சிக் கடைகள் முளைத்தன. அவற்றுள் ஒன்றில், கூட்டம் மிகுந்த ஒரு நாளில், பரிமாறுபவர் எந்த மேசைக்கு எந்த இறைச்சி என்பதை மறந்து குழம்பிப்போனாராம். முதலாளி, "எல்லாக் காழ்களையும் எல்லா மேசைகளுக்கும் கொண்டுபோ, தலைக்கு ஒரே விலை வாங்கிக்கொள்வோம்" என்று சொல்லிச் சமாளித்தாராம். சாவோ பாவுலோவிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் ஜக்குப்பிரங்கா என்னும் ஊரில் இது நடந்ததாகச் சொல்கிறார்கள். இதே பெருமையைக் கோரும் வேறு ஊர்களும் உண்டு. இந்தத் தொழிலில் இறங்கியவர்களுள் மிகப் பலர், இத்தாலியக் குடியேறிகளின் வழிவந்த நோவா பிரேசியா என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். அந்த ஊர் மற்றொன்றுக்கும் பேர்போனது; அங்கே பொய் சொல்லும் போட்டித் திருவிழா ஒன்று நடக்கிறது. ஆகையால் பிறப்புக் கதைகளை ரசிக்கலாம். சத்தியம் செய்ய வேண்டாம்.

காழ்கள் மேசைதோறும் சுற்றிவரும் இந்த முறைக்கு ரொடீசியோ என்று பெயர். சுழற்சி என்பது அதன் பொருள். தெற்கே இதனையே ஓடும் காழ் என்ற பொருள்படும் பெயரால் வழங்குகிறார்கள். சாவோ பாவுலோவில் ரொடீசியோ என்றால் வேறொரு பொருளும் உண்டு. 1997 முதல் அந்நகரின் மையப் பகுதியில், வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு, வாரத்தில் ஒரு நாள் நெரிசல் வேளைகளில் மோட்டார் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. அதற்கும் ரொடீசியோ என்றே பெயர். "இன்று எனக்கு ரொடீசியோ" என்று ஒருவர் சொன்னால், அவர் விருந்துக்குப் போகிறாரா, பஸ்ஸில் போகிறாரா என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும்.

இனிக் கடைகளுக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு கோடியே 14 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. சுட்டிறைச்சிச் சாலை இல்லாத பேட்டை அநேகமாக இல்லை. ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் காட்டுவன எல்லாம் பளிங்குத் தரையும் திராட்சை மது அறையும் உடைய பெருங்கடைகள். இவற்றுள் உலகப் புகழ் பெற்ற ஒன்று 1979-இல் போர்ட்டோ அலெக்ரி நகரில் எளிய முறையில் தொடங்கி, 1997-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிளை திறந்து, இன்று பல நாடுகளில் பரவி நிற்கிறது. அங்கே உணவு குறைவில்லாதது, விலையும் குறைவில்லாதது. ஒரு குடும்பம் அங்கே ஒரு வேளை உண்பதற்கு ஆகும் பணத்தில், பேட்டைக் கடையில் இரண்டு மூன்று முறை உண்ணலாம்.

அலுவல் காரணமாகச் சில வாரங்கள் அந்நகரில் தங்கியிருந்தபோது, அளவான படியை வைத்துக்கொண்டு எங்கே நன்றாக உண்ணலாம் என்று நான் விசாரித்தேன். கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. ஒன்று, குடியிருப்புப் பகுதிகளில் உள்ள பழைய கடைகள். இரண்டு, நகரின் எல்லையில் நெடுஞ்சாலைகளை ஒட்டி லாரி ஓட்டுநர்கள் நிறுத்தும் கடைகள். மூன்று, அலுவலகத் தெருக்களில் உள்ள, எடைக்கு விற்கும் கடைகள். கடையைப் போலவே நாளும் வேளையும் முக்கியம். ஒரே கடையில் வார நாளின் பகலுணவு ஒரு விலை. இரவில் அதைவிடக் கூடுதல். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் எல்லாவற்றிலும் கூடுதல். ஞாயிறன்று பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக வந்து நிறைகிறார்கள். அந்தக் காட்சியைக் காண்பதற்காக ஒருமுறை போகலாம்; சிக்கனத்துக்கு அது நாளன்று.

எடைக்கு விற்கும் கடையைப் பற்றி நம்மவர் அதிகம் அறியார். 1980-களில் பரவிய முறை இது. நீண்ட மேசையில் கீரை, காய், சோறு, அவரை வகை, பொரியல் எல்லாம் பஃபே முறையில் பரப்பி வைத்திருப்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு நாமே வேண்டியதைப் பரிமாறிக்கொண்டு நகர வேண்டும். வரிசையின் கடைசியில் நெருப்பும் அதன் முன்னே கத்தியுடன் ஒருவரும் நிற்பார்கள். கேட்ட இறைச்சியை அவர் அறுத்துத் தட்டில் வைத்தவுடன் பக்கத்திலேயே தராசு. தட்டின் எடையைக் கழித்து, மீதிக்குக் கிலோக் கணக்கில் விலை. கிலோ 80 ரெயால் என்று வைத்துக்கொள்வோம். 450 கிராம் எடுத்தவருக்கு 36 ரெயால் ஆகிறது. பெரும்பாலான கடைகளில் சோற்றுக்கும் இறைச்சிக்கும் ஒரே எடைக் கூலி. அறிந்தவர்கள் கனமான சோறு, கிழங்கு, பருப்பு ஆகியவற்றைக் கரண்டியளவில் நிறுத்திக்கொண்டு, இடத்தை இறைச்சிக்கு விடுகிறார்கள். கடைக்காரரும் இதனை அறியாதவரல்லர். ஆகவேதான் சோறும் கிழங்கும் வரிசையின் முதலிலும், பசித்தவன் தட்டு நிறைந்தபின் இறைச்சியும் வருமாறு மேசையை அமைக்கிறார். இந்தக் கடைகள் விலை ஏற்றாமல் நல்ல உணவு போடக் காரணம், 1976-இல் ஏற்பட்ட தொழிலாளர் உணவுத் திட்டம். வேலை கொடுப்போர் உணவுச் சீட்டு வழங்கினால் வரிச் சலுகை உண்டு. லட்சக்கணக்கான ஊழியர்கள் அந்தச் சீட்டோடு பகல் 12 மணிக்குத் தெருவுக்கு வருகிறார்கள். ஒரு தெருவில் பத்துக் கடை இருந்தால், சோம்பலாகச் சமைக்கும் கடை மாதக் கடைசி வரை நிற்பதில்லை.

எடை பார்க்காமல் ஒரே விலைக்கு எவ்வளவும் எடுக்கலாம் என்னும் கடைகளும் உண்டு. பசி மிகுந்தவருக்கு அதுவும், அளவாக உண்பவருக்குத் தராசும் ஏற்றவை. இதற்கு மேல் இதில் கணக்கில்லை.

ரொடீசியோ கடைக்குள் நுழைந்தபின் கவனிக்க வேண்டியது வேறு. உட்கார்ந்தவுடன் பாலாடைக்கட்டி ரொட்டியும் பொரித்த வாழைப்பழமும் வரும். அவற்றின் பின்னே கொத்துக்கறிக் குழல்களும், கோழித் தொடையும், காழில் வரிசையாகக் கோத்த கோழி இதயங்களும் வரும். இவையெல்லாம் விலை மலிந்தவை. ருசியற்றவை என்று நான் சொல்ல மாட்டேன், கோழி இதயம் மிகச் சுவையானது. ஆனால் இவற்றிலேயே வயிறு நிறைந்தால் முதலாளிக்கு லாபம். சில கடைகளில் ஒருபுறம் பச்சையும் மறுபுறம் சிவப்புமான அட்டை ஒன்று தருவார்கள். பச்சை மேலே இருக்கும்வரை காழ்கள் வந்துகொண்டே இருக்கும். பேட்டைக் கடைகளில் அட்டை கிடையாது. வேண்டாம் என்று கையை அசைத்தால் பரிமாறுபவர் புன்னகையுடன் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். கேட்பதைக் குறைவாக அங்கே எவரும் நினைப்பதில்லை.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவற்றுள் முதலாவது பிக்காஞா. மாட்டின் பின்னிடுப்பின் மேற்புறத்தில், ஒரு பக்கம் கொழுப்புப் போர்த்திய முக்கோணத் துண்டு அது. ஒரு மாட்டுக்கு இரண்டே துண்டுகள். உண்மையான துண்டு ஒன்று ஒரு கிலோ அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். மிகப் பெரிதாக இருந்தால் பக்கத்திலுள்ள முரட்டுத் தொடைக்கறியும் சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். கொழுப்பு வெளிப்புறம் இருக்குமாறு வளைத்துக் காழில் கோக்கிறார்கள். நல்ல கடையா என்பதை அறிய, மேசைப் பக்கம் வரும் காழைப் பார்த்தால் போதும். வெந்த மேற்புறத்தை மட்டும் மெல்லியதாகச் சீவிக் கொடுத்துவிட்டு, பரிமாறுபவர் அதனை மறுபடி நெருப்புக்குக் கொண்டுபோய் உப்பிட்டு வாட்டிக் கொணர்ந்தால் அந்தக் கடையில் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே காழ் மேசைக்கு மேசை அலைந்து, ஆறி, ஓரம் காய்ந்து வந்தால், பேசாமல் சிவப்பு அட்டையைத் திருப்பி வைக்க வேண்டியதுதான். கூட்டம் உள்ள கடையில் காழ்கள் சீக்கிரம் தீர்ந்து புதியவை வருவதால், காலியான கடையைவிட நெரிசலான கடை நல்லது என்பது அந்நகரத்தார் அனுபவம்.

அடுத்து நான் சொல்லப்போவது நம் நாட்டோடு தொடர்புடையது. குப்பிம் என்று ஒன்று வரும். பல மணி நேரம் மெல்ல வேகவைத்த, கொழுப்பு இழையோடிய, வெண்ணெய்போல் கரையும் இறைச்சி. அது மாட்டின் திமில். குப்பிம் என்னும் சொல்லுக்குக் கறையான் என்று பொருள். அந்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் எழும்பி நிற்கும் புற்றைப் போலத் திமில் தோன்றியதால் இப்பெயர் வந்தது என்கிறார்கள். ஐரோப்பிய மாடுகளுக்குத் திமில் ஏது? 19-ஆம் நூற்றாண்டு தொடங்கி இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன மாடுகளின் வழித்தோன்றல்களே இன்று பிரேசிலின் பெருமந்தைகள். வெயிலையும் உண்ணியையும் வறண்ட புல்லையும் தாங்கியதால் அவை பெருகின. அவற்றுள் முதன்மையான இனத்திற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நெலோரி. ஆம், நம் பழைய சென்னை மாகாணத்து நெல்லூரேதான். ஓங்கோல் மாடு என்று நாம் வழங்கும் அந்த வெண்ணிற மாட்டை, அது போன மாவட்டத்தின் பெயரால் அழைக்கிறார்கள். கூர்ச்சரத்து கிர் இனமும் அங்கே பால் மாடாகப் பெயர் பெற்றிருக்கிறது. நெல்லூர்ப் பக்கம் உழவுக்கும் வண்டிக்கும் நின்ற மாட்டின் திமில், உலகின் மறுபக்கத்தில் ஒரு நாட்டுக்குத் தனிச் சுவையாகியிருப்பதைக் கேட்டு நம்முள் சிலர் வருந்தக்கூடும், சிலர் வியக்கக்கூடும். அந்த ஊர்ப் பரிமாறுபவரிடம் நான் நெல்லூர் என்பது ஓர் ஊர் என்று சொன்னபோது, அவர் நம்பவில்லை.

மாட்டிறைச்சி உண்ணாதவர் இந்தக் கடைகளில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நடுமேசையில் பனங்குருத்து, பீட்ரூட்டு, கீரைகள், சோறு இருக்கும். உப்பிட்ட பாலாடைக்கட்டியைக் காழில் சுட்டுத் தருவார்கள். ஃபரோஃபா என்று மரவள்ளி மாவை வெண்ணெயில் வறுத்து வைத்திருப்பார்கள். நம் நாட்டு மரவள்ளிக்குப் பிறந்தகம் அந்தக் கண்டமே. இலவங்கப்பட்டைத் தூள் தடவிச் சுட்ட அன்னாசி கடைசியில் வரும். அன்னாசி என்னும் நம் சொல்லும் போர்ச்சுகீசியர் வழியாக வந்ததே. கறுப்பு அவரையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம், ஃபரோஃபாவிலும் சில இடங்களில் சேர்ப்பதுண்டு. முன்கூட்டிக் கேட்பது நலம். இறைச்சி வேண்டாம், நடுமேசை மட்டும் போதும் என்பவருக்கு விலை குறைத்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன.

இவ்வளவு பேசிவிட்டு, இந்த விருந்து அந்நாட்டு மக்கள் எல்லோருக்கும் எட்டுகிறதா என்று கேளாமல் விடுவது நேர்மையாகாது. உலகிலேயே மிகுதியாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். அந்நாட்டில் மந்தைகள் மிகப் பெருத்த மாநிலம் மாட்டோ கிரோசோ. அதன் தலைநகரான குயாபாவில், 2021-இல், ஓர் இறைச்சிக் கடையில் தருமமாகக் கொடுத்த எலும்புத் துண்டுகளைப் பெறுவதற்கு ஏழைகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். தொற்றுநோய்க் காலம், வேலை போயிற்று, இறைச்சி விலையோ ஏறிவிட்டது. அந்தப் படங்கள் நாடெங்கும் வெளிவந்து மக்களை உலுக்கின. மறு ஆண்டுத் தேர்தலில் லூலா, உழைப்பவன் மறுபடி வார இறுதியில் பிக்காஞாவும் பீரும் உண்ணும் நிலை வரவேண்டும் என்று மேடைதோறும் பேசினார். வென்று 2023 ஜனவரியில் பதவியேற்றார். அதன் பின் அந்நாட்டுப் பத்திரிகைகள் அரசாங்கத்தின் வெற்றி தோல்வியைப் பிக்காஞாவின் விலையைக் கொண்டே அளக்கத் தலைப்பட்டன. நம் நாட்டில் வெங்காய விலைக்கு உள்ள அரசியல் மதிப்பு அங்கே இதற்கு இருக்கிறது. அமேசான் காடுகள் அழிவதற்கு முதற்காரணம் மேய்ச்சல் நிலத்திற்காக மரம் வெட்டுவதே என்பதையும் சேர்த்து நினைத்தால், மலிவு என்று நாம் சொல்லும் விலையில் யார் யார் பங்கு கொடுத்திருக்கிறார்கள் என்பது புலப்படும். பேட்டைக் கடையில் ஞாயிறன்று வந்து உட்காரும் குடும்பத்துக்கு அந்த ஒரு வேளை, மாதச் சம்பளத்தில் ஒதுக்கிவைத்த பண்டிகை. அவர்கள் காழுக்காகக் காத்திருக்கும் பொறுமையைக் கண்டவர், உணவைத் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்.

மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் கடைகளும் உண்டு. அப்படி வசூலிப்பது 1990-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டத்திற்கு ஒவ்வாது என்று நுகர்வோர் காப்பு அலுவலகங்கள் சொல்லிவருகின்றன, கடைக்காரர்கள் எழுதிவருகிறார்கள்.

பில் வரும்போது திடுக்கிடாமலிருக்க இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். வாசலில் எழுதியிருக்கும் விலை உணவுக்கு மட்டும். குடிதண்ணீர், பழரசம், இனிப்பு எல்லாம் தனி. உப்பிட்ட இறைச்சி தாகத்தை வளர்ப்பதால் லாபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது, சேவைக்கென்று பத்துச் சதவீதம் சேர்த்திருப்பார்கள். அது கட்டாயமன்று, வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. ஆனால் 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வரிக்கும் கட்டாயச் செலவுகளுக்கும் ஒரு பகுதி போக, அந்தப் பணம் பரிமாறியவர்களுக்கே சேர வேண்டும். சூடான காழைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் நடப்பவர் அதை நம்பியே மாதத்தை ஓட்டுகிறார். கொடுத்துவிடுவது முறை.

எடைக்கு விற்கும் கடைகளில் நுழையும்போது ஒரு சீட்டுத் தருவார்கள். எடுத்தவை எல்லாம் அதில் பதிவாகும். அதனைத் தொலைத்துவிட்டால் வீண் வாக்குவாதம். அந்தச் சீட்டைப் பணம் வாங்குபவரிடம் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தபின், பக்கத்தில் சிறு மேசையில் சூட்டுக்குடுவையும் மிகச் சிறிய குவளைகளும் இருக்கும். காப்பி, அதற்கு அநேகமாக விலையில்லை. நின்றபடியே இரண்டு மடக்கில் அதைக் குடித்துவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பும் கூட்டத்தோடு தெருவில் இறங்கலாம்.